பித்தவெடிப்பின் வழியே

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை வட்டைகள் கோடையில் வெடித்துக் கிடக்கும்போது அது ஈரம் தேடி மண்ணின் ஆழத்தில் இருக்கும். மாரி பிறந்து, பெரும்போகத்துக்கு நிலம் குழையத் தொடங்கினால் நீரோடு மேலே வரும். பேர்க்கோல்டேரியா சூடோமல்லி என்ற இந்தப் பற்றீரியாவுக்கு வாழ மனிதன் தேவையில்லை. சேறுதான் அதன் வீடு. தாய்லாந்து ஆய்வுகூடம் ஒன்றில், வடித்த நீரில், உணவே இல்லாமல் 16 வருடங்கள் உயிரோடு இருந்திருக்கிறது.

வெறுங்காலோடு வயலில் இறங்குபவரின் பித்தவெடிப்பு அதற்கு வாசல். அடைமழைக் காலத்தில் மூச்சோடும் உள்ளே போகும்.

உள்ளே வந்ததை உடலின் காவல் கலம் ஒன்று விழுங்கி, சிறு பையொன்றில் அடைத்துச் செரித்துவிடப் பார்க்கும். பெரும்பாலான கிருமிகளின் கதை அங்கேயே முடிந்துவிடும். இதுவோ ஊசி போன்ற உறுப்பால் புரதங்களைச் செலுத்திப் பையைக் கிழிக்கிறது. கலத்தின் உள்ளேயே பெருகுகிறது. அதன்பின் செய்வதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. கலத்துக்கு உருவம் தரும் அக்ரின் என்ற புரதத்தை எடுத்து, தன் உடலின் ஒரு முனையில் வாலாகக் கோக்கிறது. வால் வளர வளர முன்னே தள்ளப்பட்டு, பக்கத்துக் கலத்தில் போய் முட்டுகிறது. இரண்டு கலங்களின் மென்சவ்வுகளும் ஒட்டி ஒன்றாகின்றன. மூன்றாவதும் சேர்கிறது. பல கருக்கள் கொண்ட பெருங்கலம் ஒன்று உருவாகிறது. கலம்விட்டுக் கலம் போக இரத்தத்துக்குள் இறங்க வேண்டியதே இல்லை. அங்கே காத்திருக்கும் பிறபொருளெதிரிகளின் கைக்கு அது எட்டுவதில்லை.

1911இல் ரங்கூனில் அல்பிரட் விற்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும் இந்தப் பற்றீரியா தரும் நோயை முதலில் அடையாளம் கண்டார்கள். மெலியொய்டோசிஸ் என்ற பெயர் பின்னர் வந்தது. இலங்கையில் முதல் நோயாளி 1927இல் பதிவானார். பிறகு பல பத்தாண்டுகள் அபூர்வமாகவே இதன் பெயர் கேட்டது. நோய் இல்லாமல் போகவில்லை, தேடுவார்தான் இல்லை. 2006க்குப் பின் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் எனோக்கா கொரயா முதலானோர் தேடத் தொடங்கியபோது நாட்டின் பல பகுதிகளிலும் நோயாளிகள் தெரியவந்தார்கள். மட்டக்களப்பும் அவற்றில் ஒன்று.

தேடாவிட்டால் அகப்படாத நோய் இது. நெஞ்சில் வந்தால் காசநோய் போலிருக்கும்; ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ் கட்டும். சீனி வருத்தம் உள்ளவர்களையே அதிகம் பிடிக்கிறது. சாதாரணக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் பல மருந்துகள் இதற்குப் பலிப்பதில்லை. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் குறைந்தது 10 நாளாவது ஊசியாக ஏற வேண்டும். பிறகு மூன்று மாதமளவு கோட்ரைமொக்சசோல் குளிசை. சுகம் வந்துவிட்டது என்று இடையில் நிறுத்தினால் திரும்பி வரும்.

வட்டைக்குப் போகிறவர்களே, முடிந்தவரை சப்பாத்துப் போடுங்கள், கால் புண்ணை மூடுங்கள். காய்ச்சல் விடாவிட்டால் டொக்டரிடம் இரண்டு விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள்: வயலில் இறங்கியதை, சீனி இருப்பதை.