எழுத்தில் வராத ஆணை

ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தை நடத்துவது என்பது, இன்று வாங்கும் பிரீமியத்துக்கு இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துக் கணக்குச் சொல்லும் பொறுப்பாகும். இடைப்பட்ட காலத்தில் குவிந்து கிடக்கும் பணமாகிய ஆயுள் நிதி யார் சொல்லுக்கு அசைகிறது என்ற கேள்வியே இந்தியாவில் அத்தொழிலின் போக்கை மாற்றியது.

1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டம் இருந்தும், தொழிலதிபர்கள் பலர் தம் வசமிருந்த காப்பீட்டு நிறுவனங்களைத் தம் பிற தொழில்களுக்கு முதல் திரட்டும் பெட்டியாகவே கருதினர். டால்மியா குழுமத்தின் பாரத் காப்பீட்டு நிறுவனத்தில் நிகழ்ந்த முறைகேட்டை 1955 டிசம்பரில் உறுப்பினர் பெரோஸ் காந்தி மக்களவையில் விரித்துரைத்தார். அடுத்த மாதமே, 1956 ஜனவரி 19 அன்று, நிதியமைச்சர் சி. டி. தேஷ்முக் அவசரச் சட்டத்தை வானொலியில் அறிவிக்க, 154 இந்திய நிறுவனங்களும் 16 அயல்நாட்டு நிறுவனங்களும் 75 சேமநலச் சங்கங்களும் அரசின் பொறுப்பில் வந்தன. செப்டம்பர் 1 அன்று 5 கோடி ரூபாய் மூலதனத்துடன் ஆயுள் காப்பீட்டுக் கழகம் (எல்.ஐ.சி.) பிறந்தது. பம்பாயில் தலைமையகம், அதன்கீழ் 5 மண்டலங்கள், 33 கோட்டங்கள், 212 கிளைகள் என்று அதிகாரம் அடுக்கப்பட்டது. சென்னை மவுண்ட் ரோட்டில் யுனைடெட் இந்தியா நிறுவனத்துக்கென எழுந்துகொண்டிருந்த பதினான்கு மாடிக் கட்டடம், 1959-இல் எல்.ஐ.சி. கட்டடமாகவே திறக்கப்பட்டது.

கழகச் சட்டம் காவல் ஏற்பாடுகளில் குறை வைக்கவில்லை. வருங்காலக் கோரிக்கைகளுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பதை ஆக்சுவரி, அதாவது இறப்பு விகிதத்தையும் வட்டியையும் கொண்டு கணிக்கும் வல்லுநர், மதிப்பிட வேண்டும். அதற்குமேல் எஞ்சும் உபரியில் குறைந்தது 95 விழுக்காடு பாலிசிதாரர்களுக்குரியது என்று அச்சட்டம் அன்று வகுத்திருந்தது. பொதுநலன் சார்ந்த கொள்கைகளில் மத்திய அரசு கழகத்துக்கு வழிகாட்டலாம். ஆனால் 21-ஆம் பிரிவின்படி அவ்வழிகாட்டுதல் எழுத்தில் இருக்க வேண்டும்.

அந்த ஒரு சொல்லின் அருமை ஓராண்டுக்குள் விளங்கியது. 1957 ஜூனில், கடனில் மூழ்கியிருந்த கல்கத்தா வணிகர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களில், 1.26 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்துக் கழகம் பங்குகளை வாங்கியது. கழகத்துக்கென முதலீட்டுக் குழு இருந்தும் அதனிடம் முன்கூட்டிக் கேட்கவில்லை. நிதித்துறைச் செயலாளர் எச். எம். படேலுடன் நடந்த பேச்சே போதுமானதாயிற்று. பெரோஸ் காந்தி மீண்டும் மக்களவையில் எழுப்பிய கேள்விகளால், பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். சி. சாக்ளாவின் விசாரணை ஆணையம் அமைந்தது. விசாரணை திறந்த அவையில் நடந்ததாலும், உள்ளே இடம் கிடைக்காதவர்களுக்காக வெளியே ஒலிபெருக்கி வைக்கப்பட்டதாலும், முதலீட்டுக் கோப்பு ஒன்று எவ்வாறு நகர்கிறது என்பதைப் பொதுமக்கள் நேரில் கேட்டனர். அமைச்சரின் இசைவு இருந்தது என்று செயலாளர் கூற, தாம் இசையவில்லை என்றார் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி. இரண்டில் எதையும் உறுதிப்படுத்த எழுத்துச் சான்று இல்லை. வாய்மொழி நிர்வாகத்தின் வசதியும் அதுதான். செயலாளரின் செயலுக்கு அமைச்சரே நாடாளுமன்றத்தில் பொறுப்பாவார் என்று சாக்ளா முடிவு கூற, 1958 பிப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். 1963-இல் அதே நிதித்துறைக்கு அமைச்சராகத் திரும்பினார்.