சித்தப்பாவின் லேப்டாப்பும் 40 சதவீதமும்

2016 தை மாதம் காஞ்சிபுரம் போயிருந்தபோது, பிள்ளையார்பாளையத்தில் சித்தப்பா வீட்டில் ஒரு பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா பட்டுச்சேலைக்கு டிசைன் போடுகிறவர். முந்தானையைக் கணினியில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பார். அதை வைத்துத்தான் ஜக்கார்டு அட்டையில் துளை போடுவார்கள்.

"லேப்டாப்பு செத்துப்போச்சுப்பா. ஒரு பூவை நகர்த்தினா அது நகர்றதுக்குள்ள காபி குடிச்சிட்டு வந்துடலாம். கடையில காட்டினா, புராசஸர் பழசு, புதுசு வாங்கிடுங்கன்னு சொல்றாங்க."

புதுசு என்றால் முப்பதாயிரம். சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாங்கி நாலே வருஷம்தான் ஆகியிருந்தது.

முதலில் தூசியைத்தான் சந்தேகப்பட்டேன். உள்ளே சூடு ஏறினால் புராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் அடிப்பக்கம் சில்லென்று இருந்தது, ஃபேன் சத்தமும் இல்லை. வேகத்தைக் காட்டும் சின்ன மென்பொருள் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். 2.1 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியது 800 மெகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு வேலை கொடுத்தாலும் அதற்கு மேல் ஏறவே இல்லை.

விண்டோஸில் மின்சார அமைப்புகளைத் திறந்தேன். புராசஸரின் அதிகபட்ச நிலை: பேட்டரியில் 40 சதவீதம். சரி, அது புரிகிறது. சார்ஜர் சொருகியிருக்கும்போதும் 40 சதவீதம்! இதை யார் வைத்தது, எதற்காக?

இதற்குப் பின்னால் கொஞ்சம் வரலாறு இருக்கிறது.

2000 ஜனவரியில் இன்டெல் 'ஸ்பீட்ஸ்டெப்' என்ற வசதியைக் கொண்டுவந்தது. 650 மெகாஹெர்ட்ஸ் மொபைல் பென்டியம் 3, பேட்டரிக்கு மாறினால் 500க்கு இறங்கிவிடும். மின்னழுத்தமும் 1.6 வோல்ட்டிலிருந்து 1.35க்கு இறங்கும். சூட்சுமமே இதில்தான். புராசஸர் இயங்கச் செலவாகும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தின் இருமடியோடும் கூடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வேகத்தில் கால்வாசிகூடக் குறையவில்லை, மின்செலவோ கிட்டத்தட்டப் பாதியாகிவிடுகிறது. 2003இல் வந்த பென்டியம் எம், இரண்டு படிகளுக்குப் பதில் பல படிகளில் ஏறி இறங்கியது. 2004இல் லினக்ஸ் கெர்னலுக்குள் 'ஆன்டிமாண்ட்' வந்தது. வேலை வந்தால் வேகத்தைக் கூட்டும், வேலை இல்லையென்றால் குறைக்கும்.

இந்த அமைப்புகளுக்குத் தெரிந்தவை இரண்டே உலகங்கள்: பேட்டரி, அல்லது சுவரில் வரும் கரண்ட். சுவரில் வந்தால் கரண்டுக்குக் குறைவில்லை என்று எடுத்துக்கொள்ளும்.

இப்போது 2012க்கு வாருங்கள். முந்தைய வருஷம் செப்டம்பர் 15 அன்று, காஞ்சிபுரத்துக்காரரான அண்ணாவின் பிறந்தநாளில், மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வழங்கும் அரசுத் திட்டம் தொடங்கியிருந்தது. அடுத்த வருஷமே தமிழ்நாடு முழுக்கக் கடும் மின்வெட்டு. சென்னைக்கு வெளியே நாளில் பாதிகூடக் கரண்ட் இல்லாத ஊர்கள் உண்டு. லேப்டாப்பும் இன்வெர்ட்டரும் நம்மில் பலர் வீட்டுக்குக் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் வந்து சேர்ந்தன.

இன்வெர்ட்டர்தான் அந்த மூன்றாவது உலகம். சொருகியிருப்பது சுவரில், ஆனால் வருவது மூலையில் இருக்கும் பேட்டரித் தண்ணி. லேப்டாப்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

சித்தப்பாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அட ஆமாம்பா! இன்வெர்ட்டர் ரெண்டு மணி நேரத்துல உட்கார்ந்துடும். பக்கத்து வீட்டுப் பையன் வந்து ஏதோ மாத்தினான், அப்புறம் ராத்திரி ஃபேனும் ஓடிச்சு."

அந்தப் பையன் செய்தது நியாயம்தான். இரண்டாவது கட்டத்தையும் இறக்கினால்தான் இன்வெர்ட்டரில் மிச்சமாகும். ஆனால் அதில் மிச்சமானது சித்தப்பா நினைத்த அளவு இருந்திருக்காது. புராசஸர் வேகமாக வேலையை முடித்தால் சீக்கிரம் ஓய்வுக்குப் போகும். மெதுவாக ஓடினால், வேலை முடியும்வரை திரையும் ஹார்ட் டிஸ்க்கும் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும்.

2013 அக்டோபரில் கூடங்குளத்தின் முதல் உலை மின்கட்டத்தில் இணைந்தது. அதற்குப் பிந்தைய வருஷங்களில் மின்வெட்டு படிப்படியாகக் குறைந்தது. அந்த 40 மட்டும் அப்படியே இருந்தது. சின்ன பார்டர் டிசைனாகப் போட்டுக்கொண்டிருந்தவரை அவருக்கு உறைக்கவில்லை. முழு முந்தானையைத் திறக்க ஆரம்பித்ததும் குட்டு வெளிப்பட்டது.

சார்ஜர் கட்டத்தில் 100 என்று மாற்றினேன். ஃபேன் சத்தம் போட ஆரம்பித்தது. சித்தப்பா ஒரு அன்னப்பறவையைப் பிடித்து இழுத்தார், கையோடு வந்தது. சித்தி உள்ளே போய் காபி போட்டார்.

உங்கள் பழைய லேப்டாப் ஊர்ந்தால், கடைக்குப் போவதற்கு முன்னால் அந்த இரண்டு கட்டங்களையும் ஒருமுறை பாருங்கள். என்றோ ஒரு கரண்ட் கட்டில் யாரோ வைத்த எண் இன்னும் அங்கேயே இருக்கலாம்.