ஆய்வு மாணவரைத் தாங்குபவை எவை? – கேவண்டிஷ் ஆய்வகம் சொல்லும் வரலாறு



மேற்படிப்பு என்றதும் நம்மில் பலருடைய எண்ணம் பட்டமளிப்பு விழாவோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் ஆய்வுப் படிப்பு என்று ஒன்று உண்டு. அங்கே பாடநூல் இல்லை. மாதத் தேர்வு இல்லை. விடை தெரியாத ஒரு கேள்வியோடு மாணவர் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டும். அந்தப் போராட்டத்தில் அவரைத் தாங்குபவை எவை? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையான கேவண்டிஷ் ஆய்வகத்தின் வரலாறு இதற்கு நல்ல விடை தருகிறது.

1874-இல் திறக்கப்பட்ட அந்த ஆய்வகத்தில், பிற பல்கலைக்கழகப் பட்டதாரிகள் முறையான ஆய்வு மாணவராகச் சேர்வதற்கு 1895-ஆம் ஆண்டில்தான் விதி இடங்கொடுத்தது. அவ்வாறு முதலில் வந்து சேர்ந்தவர்களுள் ஒருவர் நியூசிலாந்தின் எர்னஸ்ட் ரதர்ஃபோர்டு. பன்னிரண்டு பிள்ளைகள் கொண்ட உழைப்பாளிக் குடும்பத்தில் பிறந்தவர். தாயார் முன்னாள் பள்ளி ஆசிரியை. 1851-இல் இலண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியின் இலாபத்திலிருந்து வழங்கப்பட்ட உபகாரச் சம்பளம், ஆண்டுக்கு 150 பவுண்டு, அவரைக் கடல் கடக்க வைத்தது. அதுவும் முதலில் வேறொருவருக்கே கிடைத்தது. அவர் வேண்டாம் என்று ஒதுங்கியதால்தான் ரதர்ஃபோர்டின் கைக்கு வந்தது. உலகம் ஓர் அறிவியலாளரை இழக்காமல் தப்பியது இவ்வளவு மெல்லிய நூலிழையில்தான்.

பணம் வாசல் வரை கொண்டுவந்துவிட்டது. உள்ளே தாங்கியவர் ஆய்வகத் தலைவர் ஜே. ஜே. தாம்சன். வானொலி அலைகளை உணரும் கருவி ஒன்றை ரதர்ஃபோர்டு தம் நாட்டிலேயே உருவாக்கியிருந்தார். அந்த ஆய்வைத் தொடர தாம்சன் இடமளித்தார். மறு ஆண்டு, புதிதாகக் கண்டறியப்பட்டிருந்த எக்ஸ் கதிர்களைப் பற்றிய தம் சொந்த ஆய்வில் அந்த மாணவரையே பங்காளியாக்கிக்கொண்டார். ஆய்வகத்தில் தேநீர் வேளை என்ற பழக்கமும் தாம்சன் காலத்தில் வேரூன்றியது. பேராசிரியரும் மாணவரும் ஒன்றாக அமர்ந்து தேநீர் அருந்தியபடி ஆய்வைப் பேசினர். தனித்திருப்பவருக்கு அது பெரிய துணை.

1919-இல் ரதர்ஃபோர்டே அந்த ஆய்வகத்தின் தலைவரானார். மாலை 6 மணிக்கு ஆய்வகத்தை மூடிவிடும் வழக்கத்தை அவர் கடைப்பிடித்தார். கருவியோடு மல்லாடியது போதும், வீட்டுக்குப் போய்ச் சிந்தியுங்கள் என்பது அவர் கொள்கை. தாம் பெற்ற அரவணைப்பை அடுத்த தலைமுறைக்கு அவர் கைமாற்றினார் என்றே நான் கருதுகிறேன்.

ஆனால், உதவித்தொகையும் தேநீரும் மட்டும் எல்லாருக்கும் போதுமானவையாக இருந்தனவா? 1965-இல் அங்கு முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்த ஜோசலின் பெல்லின் கதை இதைச் சிந்திக்க வைக்கிறது. வட அயர்லாந்துப் பெண். 2021-இல் நீக்கப்பட்ட நம் யு.பி.எஸ்.ஆர். தேர்வைப் போன்றதொரு தேர்வில், பதினொரு வயதில் தோல்வி கண்டவர். பள்ளியில் பெண் பிள்ளைகளை அறிவியல் வகுப்புக்கு அனுப்பாமல் சமையல் வகுப்புக்கு அனுப்பியபோது, பெற்றோர் சென்று வாதாடியதால்தான் அவருக்கு அறிவியல் கிடைத்தது.

கேம்பிரிட்ஜிலோ, "என்னைத் தவறுதலாகச் சேர்த்துவிட்டார்கள், ஒருநாள் வெளியேற்றிவிடுவார்கள்" என்ற அச்சம் அவரை வாட்டியது. வெளியேற்றும் நாள்வரை முழுமையாக உழைப்பது என்று முடிவு செய்தார். ஈராண்டுகள் சம்மட்டி பிடித்து, நாலரை ஏக்கர் நிலத்தில் வானொலித் தொலைநோக்கி அமைக்கும் குழுவில் பாடுபட்டார். பின்னர் அது நாள்தோறும் கக்கிய ஏறத்தாழ 30 மீட்டர் வரைபடத் தாளைக் கண்ணால் ஆராய்ந்தார். 1967-இல், 400 அடித் தாளில் கால் அங்குலமே இருந்த ஒரு புதிய குறி அவர் கண்ணில் பட்டது. அதுவே பல்சார் என்னும் துடிப்பு விண்மீன். 1974-இல் அதற்கான நோபல் பரிசில் அவருடைய வழிகாட்டி ஆண்டனி ஹியூவிஷ் பங்கு பெற்றார். மாணவியின் பெயர் இடம்பெறவில்லை.

2018-இல் பெல் பர்னலுக்கு 30 இலட்சம் அமெரிக்க டாலர் சிறப்புப் பரிசு கிடைத்தது. அதை முழுவதும் பிரிட்டனின் இயற்பியல் கழகத்திடம் கொடுத்தார். பெண்கள், சிறுபான்மை இனத்தவர், அகதிகள் போன்று இத்துறையில் அருகியே காணப்படுவோர் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற அது உபகாரச் சம்பளமாகிறது.

நம் தமிழ்ப்பள்ளிகளிலிருந்து பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைகளிலும், "இது எனக்குரிய இடமா?" என்று மனத்துக்குள் கேட்பவர் உண்டு. மதிப்பெண் குறைந்ததன் அடையாளம் அன்று அந்த அச்சம்; அந்தப் பாதையில் தமக்கு முன் தம்மைப் போன்றவர் நடக்காததன் அடையாளம். பிள்ளை ஆய்வுப் படிப்பைத் தொடர விரும்பினால், "இன்னும் எத்தனை ஆண்டு படிப்பாய்?" என்று கேட்பதற்கு முன், "இந்த வாரம் என்ன ஆராய்ந்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பெல்லுக்காகப் பள்ளியில் வாதாடிய பெற்றோர் இயற்பியலாளர்கள் அல்லர். பிள்ளைக்குப் பின்னால் நின்றார்கள், அவ்வளவே.