நகர வர்ணனையிலிருந்து புளியமரம் வரை

தமிழ்ப் புனைகதையில் இடம் என்பது வெறும் அலங்காரமாக இருந்த நிலை மாறி எப்போது கதையின் பொருளாயிற்று என்று ஆராயப் புகுவோர், தொல்காப்பியத்து முதல், கரு, உரி என்னும் பாகுபாட்டில் தொடங்கி, அங்கிருந்து ஒரே தாவாக நாவலுக்கு வந்துவிடுவது வழக்கமாயிருக்கிறது. நிலமும் பொழுதும் மனவுணர்ச்சிக்கு இயைந்து நிற்க வேண்டும் என்ற அக்கொள்கையின் பெருமையை மறுப்பாரில்லை. ஆயினும் நம் முதல் நாவலாசிரியர்களுக்குக் கைவந்திருந்தது, கம்பனுடைய நாட்டுப்படலமும் நகரப்படலமும் போன்றவற்றால் நிலைபெற்ற காவிய வர்ணனை மரபே என்று கருத இடமுண்டு.

1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தில் கதாநாயகன் பிறந்த ஊர் சத்தியபுரி. ஆண்வேஷம் பூண்ட ஞானாம்பாள் அரசு புரிந்தது விக்கிரமபுரி. பெயர்களே குணங்களைச் சொல்லிவிடுவதால், அவ்வூர்களின் மண்ணும் மழையும் எத்தகையன என்று வேதநாயகம் பிள்ளை ஆராயவில்லை. நீதி புகட்ட வந்த நூலுக்கு அது தேவைப்படவுமில்லை.

விவேக சிந்தாமணியில் 1893 முதல் 1895 வரை ராஜம் ஐயர் எழுதிய கமலாம்பாள் சரித்திரத்தில் நிலைமை மாறுகிறது. மதுரை ஜில்லாவைச் சேர்ந்ததாக அவர் படைத்த சிறுகுளம் வாயும் செவியும் உள்ள ஊர். பெண்கள் கூடி வம்பளக்கும் கூட்டத்துக்கு ‘வம்பர் மகாசபை’ என்று பெயர் சூட்டியது பரிகாசத்துக்காகவே என்று தோன்றினும், முத்துஸ்வாமி ஐயர் குடும்பத்துப் பிளவை வளர்ப்பதில் அந்த ஊர்ப்பேச்சுக்கும் பங்குண்டு. பிற்பகுதியில் வேதாந்த விசாரம் மேலோங்க, கிராமம் பின்வாங்கிவிடுவது வாசகனுக்கு நஷ்டமே.

இம்மாற்றம் முழுமை பெற்ற இடமாக நான் கருதுவது புதுமைப்பித்தன் 1934இல் மணிக்கொடியில் எழுதிய ‘பொன்னகரம்’ என்னும் சிறுகதையை. பௌராணிகர் புகழும் பொன்னகரத்தை நினைவூட்டித் தொடங்கும் அக்கதை, அகன்ற வீதிகளும் மாடமாளிகைகளும் இருக்கவேண்டிய இடத்தில் இருண்ட சந்துகளையும் சாக்கடையையும் இருப்புப்பாதையையும் நிறுத்துகிறது. அதாவது, காவிய வர்ணனையின் சட்டத்தையே எடுத்து அதற்குள் ஒரு சேரியை வைத்துவிடுகிறது. மில் கூலியான அம்மாளு, அடிபட்டுக் கிடக்கும் ஜட்காக்காரப் புருஷனுக்குப் பால்கஞ்சி வார்ப்பதற்காகச் சந்தின் இருளுக்குள் சென்று முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். இருளில் நிகழ்ந்ததை ஆசிரியர் விவரிப்பதில்லை. முன்பே நம் மனத்தில் படிந்துவிட்ட அந்தச் சந்தின் இருட்டே அதனைச் சொல்லிவிடுகிறது. இவ்விதம் வர்ணனை முன்னுரையாக நில்லாமல் சம்பவத்தின் வேலையைச் செய்தமைக்குப் பத்திரிகைப் பக்கங்களின் நெருக்கமும் ஒரு காரணமாகலாம்: சில பக்கங்களில் முடியவேண்டிய கதையில் படலம் பாட அவகாசமேது? 1937இல் வெளியான மௌனியின் ‘அழியாச் சுடர்’ கோயிலின் மங்கிய ஒளியையும் ஒரு யாளியையும் கொண்டே ஒருவனுடைய அகவுலகைத் திறந்து காட்டியதும் இவ்வழியிலேதான்.

நாவலுக்கு இச்சிக்கனம் சிறிது தாமதமாகவே வந்தது. 1942இல் வெளிவந்த ஆர். ஷண்முகசுந்தரத்தின் நாகம்மாளில் கொங்குநாட்டு நிலம் கண்ணுக்கினிய காட்சி அன்று. விதவையொருத்தி பங்கு கேட்கும் சொத்து. அந்த நிலமே உறவைப் பகையாக்கிக் கொலைவரை இழுத்துச் செல்வதால், அதனைக் கதையிலிருந்து பிரித்தெடுத்தால் கதையே எஞ்சாது.

சுந்தர ராமசாமியின் ஒரு புளியமரத்தின் கதை (1966) நாஞ்சில் நாட்டு நகரொன்றின் முச்சந்தியில் நின்ற மரத்தையே நடுவில் வைத்தது. தானாக எதுவும் செய்யாத அம்மரத்தைச் சுற்றி, குளம் தூர்ந்து சாலையாகி, கடைகள் பெருகி, வியாபாரப் போட்டி நகரசபைத் தேர்தல்வரை முற்றுகிறது. தேர்தல் சந்தடியில் சில அத்தியாயங்கள் மரத்தை மறந்தே போகின்றன என்ற குறையை நான் மறைக்க விரும்பவில்லை. எனினும், எவரோடும் பகை கொள்ளாத ஒரு மரத்துக்கு விஷம் வைக்கப்படுவதை, ஒரு மனிதனின் கொலையைப் போல வாசகன் உணர்கிறானெனில், அந்த உணர்வுக்குரிய காரணங்கள் யாவும் அந்த முச்சந்தியின் விவரங்களிலேயே அடங்கியிருக்கின்றன.