கடன் ஊதியமாகுமா? பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைப்புற ஆசிரியைகளும் நுண்கடனும்

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. பாறசாலையை உள்ளடக்கிய நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலையில் குடியிருந்து தமிழ்நாட்டின் களியக்காவிளைப் பக்கத்துத் தனியார் பள்ளிக்குப் போகும் ஆசிரியைக்குக் கடன் வீட்டு முகவரியை வைத்துக் கிடைக்கிறது. சம்பளமோ எல்லைக்கு அப்பால் முடிவாகிறது. நுண்கடன் இத்தகையோரின் குடும்பத்துக்குக் கைகொடுக்கிறது. ஆனால் அது மாதங்களுக்கு இடையிலான பணமுடையைத்தான் தீர்க்கும். குறைந்த ஊதியத்தை ஈடுசெய்யாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஊதியக் குறைவுக்குச் சட்டமும் காரணம். ஆசிரியர் அப்போதைய தொழில் தகராறு சட்டப்படி தொழிலாளர் அல்லர் என்று 1988இல் சுந்தரம்பாள் வழக்கிலும், அப்போதைய குறைந்தபட்ச ஊதியச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது என்று 1996இல் ஹரியானா பள்ளிகள் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்வி மாண்புமிக்க பணி என்ற காரணமே அவர்களுக்குப் பாதுகாப்பில்லாமல் செய்துவிட்டது. பல தனியார் பள்ளிகளில் கோடை விடுமுறைக்குச் சம்பளமும் இல்லை. ஜூன் பிறந்தால் சொந்தப் பிள்ளைகளுக்கே சீருடை, நோட்டுப் புத்தகம், வேன் கட்டணம் என்று செலவு வரிசைகட்டி நிற்கும்.

இங்கேதான் அயல்கூட்டம் உதவுகிறது. 1998இல் தொடங்கிய, கேரள அரசின் பெண்கள் திட்டமான குடும்பஸ்ரீயின் அடித்தளம் இந்தச் சிறு குழுக்கள். பெண்கள் ஒருவர் வீட்டில் கூடிச் சேமிப்பைக் கட்டி, அதிலிருந்தே கடன் எடுக்கிறார்கள். ஒரு கணக்கைப் பார்ப்போம். 10,000 ரூபாயை நூற்றுக்கு ஒரு ரூபாய் மாத வட்டியில் வாங்கி, மாதம் 1,000 வீதம் அசலை அடைத்தால், பத்து மாத வட்டி 550 ரூபாய். அதையே வட்டிக்காரரிடம் பத்து ரூபாய் வட்டிக்கு வாங்கி, அசல் குறையாமல் வட்டி மட்டும் கட்டினால், பத்து மாதத்தில் 10,000 ரூபாய் போய்விடும். அசலும் அப்படியே நிற்கும். நகை பணயத்துக்குப் போகாமல் வீட்டில் இருப்பதற்கு இந்த வேறுபாடே காரணம்.

எனினும், நுண்கடன் கொள்கை தொழில்முனைவோரை மனத்தில் வைத்து உருவானது. தையல் இயந்திரமோ பசுவோ வாங்கினால் வருமானம் கூடும், அதிலிருந்து தவணை கட்டலாம். ஆசிரியை வாங்கும் கடனால் அவர் சம்பளம் ஒரு ரூபாய்கூட உயராது. அதே சம்பளத்திலிருந்துதான் தவணை போக வேண்டும். 2022இல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகள் குடும்ப மாத வருமானத்தில் 50 சதவீதம் வரை தவணைக்குப் போக இடமளிக்கின்றன. குறைந்த ஊதியக் குடும்பத்தில் அந்தப் பாதி என்பது சாப்பாட்டுச் செலவுக்கான பணம்.

தீர்வுக்கு முன்னுதாரணம் கேரளத்திலேயே உண்டு. கல்வி அமைச்சர் முண்டசேரி 1957இல் கொண்டுவந்த மசோதா ‘கேரளக் கல்விச் சட்டம், 1958’ ஆனது. உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசே நேரடியாகச் சம்பளம் தரும் முறை அதனால் நிலைபெற்றது. சேவையாகக் கருதப்பட்ட பணிக்கும் உரிமை உண்டு என்பதற்குச் சான்றாக, அங்கன்வாடி ஊழியருக்குப் பணிக்கொடை உண்டு என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. ஆக, ஏப்ரல், மே மாதங்களில் தவணைக்கு விலக்கு அளிப்பது கடன் தருவோர் உடனே செய்யக்கூடியது. பன்னிரண்டு மாதச் சம்பளத்தையும் வங்கி வழியே வழங்க வேண்டும் என்பதைப் பள்ளி அங்கீகாரத்தின் நிபந்தனையாக்குவது இரு மாநில அரசுகளின் கடமை. அதைச் செய்யாமல் கடன் வரம்பை மட்டும் உயர்த்தினால், பள்ளி நிர்வாகம் தர வேண்டிய ஊதியத்தை ஆசிரியையே வட்டியோடு சுமக்க நேரும்.