கரோகீல் கற்குவைகள்

கரோகீல் கற்குவைகள் என்பவை அயர்லாந்தின் மேற்குப் பகுதியில், சிலைகோ மாவட்டத்தின் தென்புறத்தில் உள்ள பிரிக்லீவ் மலைகளின் மீது அமைந்த வரலாற்றுக்கு முற்பட்ட கல்லறைத் தொகுதியாகும். புதிய கற்காலத்தைச் சேர்ந்த வேளாண் மக்கள் கி.மு. 3500க்கும் கி.மு. 3000க்கும் இடைப்பட்ட காலத்தில் இங்கு இறந்தோரை வைத்தனர். எனவே இவை எகிப்தின் கீசாப் பிரமிடுகளைவிடப் பல நூற்றாண்டுகள் பழமையானவை. 'கரோகீல்' என்ற பெயர் 'ஒடுங்கிய கால்பங்கு நிலம்' எனப் பொருள்படும் ஐரிய மொழித் தொடரிலிருந்து வந்தது.

அமைவிடம்

பிரிக்லீவ் மலைகள் சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. ஒன்றுக்கொன்று இணையாகச் செல்லும் ஆழமான பள்ளத்தாக்குகள் இவற்றைப் பல முகடுகளாகப் பிரிக்கின்றன. முகடுகளின் மேல் கற்குவைகள் காணப்படுகின்றன. இங்கிருந்து கிழக்கே ஆரோ ஏரியையும், வடமேற்கே நாக்நரே குன்றின் உச்சியில் உள்ள பெரிய கற்குவையையும் காணலாம். அருகிலுள்ள முல்லாபார்னா என்னும் பாறைத் தளத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வட்டக் குடிசைகளின் அடித்தடங்கள் உள்ளன.

அமைப்பு

கற்குவைகளுள் பெரும்பாலானவை இடைகழிக் கல்லறை வகையைச் சார்ந்தவை. இவ்வகையில் ஒடுங்கிய கல் வழி ஒன்று குவியலின் உள்ளே உள்ள அறைக்கு இட்டுச் செல்லும். சில கல்லறைகளில் நடு அறையின் மூன்று பக்கங்களிலும் சிற்றறைகள் அமைந்திருப்பதால் தரைப்படம் சிலுவை வடிவில் தோன்றும். கூரை அமைப்பதற்குச் சாந்து பயன்படுத்தப்படவில்லை. தட்டையான கற்களை ஒவ்வொரு வரிசையிலும் சற்று உள்நோக்கி நீட்டி அடுக்கி, உச்சியில் எஞ்சும் இடைவெளியை ஒரு பெரிய கல்லால் மூடினர். மேலே குவிக்கப்பட்ட கற்களின் எடையே அடுக்குகளை நழுவாமல் நிறுத்துகிறது. இதனால் சில அறைகள் ஏறத்தாழ 5,000 ஆண்டுகள் கடந்தும் இடியாமல் உள்ளன.

கற்குவைகள் ஆங்கில எழுத்துகளால் பெயரிடப்பட்டுள்ளன. அவற்றுள் சில:

* 'ஜி' கற்குவை: வாயிலின் மேலே தனியாக ஒரு திறப்பு உள்ளது. கோடைக் கதிர்த்திருப்பத்தை ஒட்டிய நாட்களில் மறையும் சூரியனின் ஒளி இதன் வழியே அறைக்குள் புகுகிறது. இதை ஒத்த திறப்பு நியூகிரேஞ்சு கல்லறையிலும் உண்டு. ஆனால் அங்கு ஒளி புகுவது குளிர்காலக் கதிர்த்திருப்பத்தின் சூரிய உதயத்தின்போதாகும்.
* 'ஈ' கற்குவை: நீள வடிவம் கொண்டது. ஒரு முனையில் முற்றக் கல்லறையின் சாயலும், மறுமுனையில் சிலுவை வடிவ அறையும் கொண்ட கலப்பு அமைப்பு.
* 'எஃப்' கற்குவை: அறைக்குள் நடுகல் ஒன்று இருந்தது. இதன் கூரை இடிந்துவிட்டது.

1911 அகழாய்வு

1911ஆம் ஆண்டில் தொல்லியலாளர் இரா. அ. ஸ்டூ. மெக்காலிஸ்டர், அருங்காட்சியக அலுவலர் ஆம்ஸ்ட்ராங், தாவரவியலாளர் இராபர்ட் லாயிட் பிரேகர் ஆகியோர் இக்கல்லறைகளைத் திறந்து ஆய்ந்தனர். எரிந்த எலும்புகள், எரியாத எலும்புகள், எலும்பாலும் மான்கொம்பாலும் செய்த ஊசிகள், மணிகள், பதக்கங்கள், கல் உருண்டைகள், மட்பாண்டத் துண்டுகள் ஆகியவை கிடைத்தன. இங்கு கிடைத்த சுரண்டல் அலங்காரம் கொண்ட தடித்த மட்பாண்ட வகை இன்றும் 'கரோகீல் பாண்டம்' என்றே அழைக்கப்படுகிறது.

பல கல்லறைகள் மிகக் குறுகிய காலத்தில் தோண்டப்பட்டன. மண் அடுக்குகளும் பொருட்கள் கிடந்த நிலையும் இன்றைய முறைப்படி பதிவு செய்யப்படவில்லை. கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பு அறியப்படாத அக்காலத்தில், 1912இல் வெளியான அறிக்கை இவற்றை வெண்கலக் காலத்தவை எனக் குறிப்பிட்டது. அது பிழையான முடிவு எனப் பின்னர் தெளிவாயிற்று.

பிற்கால ஆய்வுகள்

எலும்புகளை ஆராய்ந்தவர் மெக்காலிஸ்டரின் தந்தையும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக உடற்கூற்றியல் பேராசிரியருமான அலெக்சாண்டர் மெக்காலிஸ்டர் ஆவார். அங்கு எஞ்சியிருந்த எலும்புகள் ஒரு நூற்றாண்டுக்குப் பின் மீண்டும் ஆய்வுக்கு உட்பட்டன. 2017இல் வெளியான ஆய்வு, மூட்டுகளை ஒட்டிய பகுதிகளில் கற்கருவிகளால் ஏற்பட்ட வெட்டுத் தடங்களைக் காட்டியது. இறந்தோரின் உடல்கள் சடங்கு முறையில் உறுப்புகளாகப் பிரிக்கப்பட்டன என்பதற்கு இது சான்றாகக் கொள்ளப்படுகிறது.

2020இல் வெளியான மரபணு ஆய்வு, கரோகீலில் புதைக்கப்பட்ட சிலருக்கும் தீவின் மறுபுறத்தில் உள்ள நியூகிரேஞ்சில் வைக்கப்பட்ட ஓர் ஆணுக்கும் தொலைவான உறவு இருந்ததைக் கண்டறிந்தது. இத்தகைய கல்லறைகளில் இடம்பெற்றோர் உறவால் பிணைந்த உயர்குடியினராக இருந்திருக்கலாம் என்பது அவ்வாய்வின் கருத்து.

பாதுகாப்பு

காலத்தால் சிதையாத அடுக்குகள் மனித நடமாட்டத்தால் எளிதில் சிதையக்கூடியவை. குவியல் மீது ஏறுவது கற்களை நகர்த்துகிறது. நகர்ந்த ஒரு கல் கீழுள்ள கூரையின் சமநிலையைக் குலைக்கலாம். 1911இல் முறையாகப் பதிவாகாத செய்திகளை இனி மீட்க இயலாது என்பதால், தோண்டப்படாமல் எஞ்சியுள்ள பகுதிகள் ஆய்வாளர்களுக்கு மிகவும் இன்றியமையாதவை. சிலைகோ மாவட்டத்தின் இடைகழிக் கல்லறை நிலப்பரப்பு 2022இல் யுனெசுக்கோ உலக பாரம்பரியக் களங்களுக்கான அயர்லாந்தின் உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கரோகீலும் அதனுள் அடங்கும்.