அடைபட்ட புகைவழிகள்

கண்டிக்குத் தென்கிழக்கே, ஹேவாஹெட்ட மலைப்பகுதியில் லூல்கந்துர தோட்டம் உள்ளது. 1852இல் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் டெய்லர், 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது இங்குதான். அவர் வாழ்ந்த மரக்குடில் அழிந்துவிட்டது. அதன் புகைபோக்கி மட்டும் எஞ்சி நிற்கிறது.

கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் எழுந்த பங்களாக்கள் பலவற்றில் குளிர்காயும் அடுப்புகள் இருந்தன. பிற்காலத்தில் அவற்றை மூடிப் பூசிவிட்டார்கள். அண்மையில் நண்பரொருவர் கண்டிக்கு அப்பால் அத்தகைய வீடொன்றை வாங்கித் திருத்தத் தொடங்கினார். மண்டபச் சுவரில் பழுப்பு நிறக் கறை. எத்தனை முறை பூசினாலும் திரும்பத் திரும்ப வந்தது. "உடைச்சிப் போட்டாச் சரி சேர்" என்றார் மேசன்பாஸ். உடைப்பதற்கு முன் பார்த்துவிடுவோமென்று நான் சொன்னேன்.

கூரையிலிருந்து தொடங்கினோம். மேலே ஒரே தூணில் மூன்று வாய்கள், மூன்றும் சீமெந்தால் மூடியிருந்தன. கீழே ஓர் அடுப்புத்தான் கண்ணுக்குத் தெரிந்தது. முறையாகக் கட்டிய வீட்டில் ஒவ்வோர் அடுப்புக்கும் தனிப் புகைவழி உண்டு. அப்படியானால் மற்ற இரண்டும் எங்கே? சுவர்களைத் தட்டிப் பார்த்தோம். சாப்பாட்டறை அலுமாரிக்குப் பின்னாலும் படுக்கையறை மூலையிலும் வெற்றொலி கேட்டது.

கறைக்கும் காரணம் புரிந்தது. பழைய புகைக்கரியில் உள்ள உப்புகள் ஈரத்தை இழுக்கும். மேலும் கீழும் அடைத்தால் காற்றோட்டம் நின்று, அந்த ஈரம் சுண்ணாம்புச் சாந்தின் ஊடாகச் சுவருக்கு வரும். பரிகாரம் எளியது: கீழே சிறு காற்றுத் துவாரம், மேலே மழையைத் தடுத்துப் பக்கவாட்டில் காற்றை விடும் மூடி. மீண்டும் தீ மூட்ட விரும்புவோர் முதலில் புகைவிட்டுப் பார்க்க வேண்டும். அடுத்த அறையில் புகை வந்தால் இடைச்சுவர் வெடித்திருக்கிறது என்று பொருள். அவ்வழியே வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை, ஆளைக் கொல்லும். கீழ்ப்பகுதியை இடித்துவிட்டு மேலே தூணை விடுவதும் ஆபத்து. அதன் பாரத்தைத் தாங்குவது அந்தச் சுவர்தான்.

இவ்வளவும் கட்டட விடயம். என் மனதில் நின்றது வேறு. இந்த மூன்று அடுப்புகளுக்கும் விறகு வெட்டியவர் யார்? சுமந்து வந்தவர் யார்? தமிழகத்திலிருந்து கால்நடையாக வந்த தொழிலாளரின் பழைய லயங்களில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையிலேயே சமைத்தார்கள், படுத்தார்கள், பிள்ளை பெற்றார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புகைபோக்கி கிடையாது. அந்தப் புகை அவர்களுடைய கண்களுக்கும் நெஞ்சுக்கும் போனது.

1892இல் டெய்லர் இறந்தபோது, அவரது உடலைத் தோட்டத் தொழிலாளர்கள் தோளில் சுமந்தே கண்டி மஹியாவ மயானத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவரது பெயர் கல்லறையில் இருக்கிறது. சுமந்தவர்களின் பெயரை எந்தக் கல்லிலும் காணோம்.

நண்பர் சுவரை இடிக்கவில்லை. மூன்று புகைவழிகளுக்கும் காற்று விட்டிருக்கிறார். பழைய வீட்டை வாங்குவோருக்கு நான் சொல்வது இதுதான்: கூரையிலுள்ள வாய்களையும் அறைகளிலுள்ள அடுப்புகளையும் எண்ணுங்கள். பிறகு சற்றுக் கீழே இறங்கி, லயத்துக் கூரையையும் ஒருமுறை பாருங்கள்.